சுபேதார் மேஜர் குடித்த தண்ணீர்

சுபேதார் மேஜர் ஹஸ்தபீர் குருங்குக்கு ஒன்பது பதக்கங்கள். அதில் ஆறு, போருக்குப் போன எல்லோருக்கும் கொடுத்தவை. உயிரோடு திரும்பியதற்கான கூலி என்று அவரே சொல்வார். மீதி மூன்றுதான் அவருக்கென்று கொடுத்தவை. அந்த மூன்றுக்கும் அவர் மனைவி நந்தகலி பெயர் வைத்திருந்தாள். முதல் உலகப் போரில் பிரான்சில் வாங்கிய வெள்ளிப் பதக்கம் சேற்றுக்காரர். இரண்டாம் போரில் பர்மா எல்லையில் வாங்கிய சிலுவை மழைக்காரர். முப்பத்திரண்டு வருடச் சேவைக்காக நாடா போட்டுக் கழுத்தில் மாட்டியது தொண்டைக்காரர். அவர் வீட்டில் குரலை உயர்த்தினால், "தொண்டைக்காரர் எழுந்துட்டாரு, எல்லாரும் ஒதுங்குங்க" என்பாள். நேபாளத்துத் தாப்ரோங் மலையில் வேறு யாருக்கும் அப்படிப் பேச நாக்கு வராது.

பதினேழு வயதில், புல்லறுக்கப் போகிறேன் என்று தாயிடம் சொல்லிவிட்டு, ஆள் சேர்க்க வந்தவன் பின்னால் மலையிறங்கிப் போனவர் அவர். அறுத்த புல் வீடு வந்து சேர ஆறு வருடம் ஆயிற்று. இடையில் கப்பல், பிரான்ஸ், பதுங்குகுழி, முழங்கால் வரை சேறு. இரண்டு படைகளுக்கும் நடுவே குண்டடிபட்டுக் கிடந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவரை, வயிற்றால் ஊர்ந்துபோய் இழுத்து வந்தார். மத்தியானம் கிளம்பி, இருட்டும் நேரத்தில்தான் திரும்ப முடிந்தது. ஏன் போனீர்கள் என்று கேட்டால், "அந்த ஆள் கத்திக்கிட்டே இருந்தான், எங்களுக்குத் தூக்கம் வரல" என்பார். அவ்வளவுதான் அவரிடமிருந்து பிடுங்க முடியும்.

1919-ல் மார்பில் சேற்றுக்காரர் மின்ன வீடு வந்து முற்றத்தில் நின்றார். அவருடைய தாய் பதக்கத்தைப் பார்க்கவில்லை. முகத்தைக்கூட சரியாகப் பார்க்கவில்லை. "முதல்ல சீட்டை எடு" என்றாள்.

கடல் தாண்டிப் போனவன், திரும்பும்போது பட்டாளத்து டிப்போவில் புரோகிதர் முன்னால் பட்டினி கிடந்து, பஞ்சகவ்யம் குடித்து, தண்ணீர்ச் சடங்கு முடித்து, முத்திரை குத்திய சீட்டோடு வர வேண்டும். காட்மாண்டுவில் இருந்த மகாராஜாவின் சட்டம் அது. சீட்டு இல்லாதவன் சாதிக்கு வெளியே. அவன் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்தவனும் வெளியே. ஹஸ்தபீர் சிரித்துக்கொண்டே சீட்டை எடுத்து நீட்டினார். தாய் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, முத்திரையை விரலால் தடவி, அப்புறம்தான் ஓவென்று அழுது அவரைக் கட்டிக்கொண்டாள். அப்போது அவருக்கு வயது இருபத்துமூன்று. அது வேடிக்கையாகத்தான் தெரிந்தது.

பிறகு மாமன் மகள் நந்தகலியைக் கட்டினார், இரண்டு பெண்கள் பிறந்தார்கள், படிப்படியாக ஏறி சுபேதார் ஆனார். மீசை நரைக்கத் தொடங்கியபோது மறுபடி ஒரு உலகப் போர் வந்தது.

1942-ல், பர்மாவில், அகலமான ஒரு ஆற்றின் குறுக்கே இருந்த ரயில் பாலம். ஜப்பான்காரன் துரத்த, பட்டாளம் பின்வாங்கிப் பாலம் தாண்டிக்கொண்டிருந்தது. கடைசி ஆள் தாண்டும்வரை கிழக்குக் கரையை யாராவது பிடித்து நிற்க வேண்டும் என்று உத்தரவு. ஹஸ்தபீர் தன் கம்பெனியில் எட்டுப் பேர் கொண்ட ஒரு செக்ஷனைப் பொறுக்கினார். அதன் தலைவன் நாயக் துல்பீர், தாப்ரோங்காரன், விதவை ஜசுமதியின் ஒரே மகன். சொந்த ஊர்க்காரன் ஓடமாட்டான் என்ற நம்பிக்கையில்தான் பொறுக்கினார். "நீ இங்கேயே நில்லு" என்றார். அவனும் நின்றான். விடிவதற்குள் மேலிடத்தில் யாரோ பயந்துபோய்ப் பாலத்தை வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். மலைக்காரனுக்கு நீச்சல் ஏது? மேற்குக் கரையில் நின்று, விடிந்த பிறகும் வெகுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார் ஹஸ்தபீர். பிறகு நடக்கச் சொன்னார்கள், நடந்தார்.

இரண்டு வருடம் கழித்து எல்லை மலையில் ஒரு மழைக்காலம். அந்தச் சண்டையைப் பற்றி அவர் சொன்னது மூன்றே வாக்கியம். "மழை பேஞ்சுது. ஏறினோம். எறங்கல." அதற்குத்தான் அந்தச் சிலுவை. குத்திவிட்டவர் பெரிய தளபதி. கைதட்டினார்கள். கிழக்குக் கரையில் நிறுத்திவிட்டு வந்தவனை நினைத்து அன்று ஹஸ்தபீருக்குச் சோறு இறங்கவில்லை.

மாசியிலேயே டிப்போவில் சடங்கு முடித்து வாங்கிய சீட்டோடு, 1946 ஆவணி மாதம் ஓய்வு பெற்று ஊருக்கு வந்தார். மலையேறி வரும் பாதையில், ஊருக்கு வெளியே, ஜசுமதியின் எருமைக் கொட்டில். வாசலில் ஒரு ஆள் எழுந்து விறைத்து சல்யூட் அடித்தான். எலும்பும் தோலுமாக, பல் பாதி போய், கிழவன் மாதிரி இருந்தான். அடித்த சல்யூட் மட்டும் கச்சிதமாக இருந்தது.

"துல்பீர்" என்று இவர் ஓரடி வைத்தார்.

"கிட்ட வராதீங்க சாப். எங்கிட்ட சீட்டு இல்ல."

ஜப்பான்காரனிடம் பிடிபட்டு ரங்கூன் சிறையில் மூன்று வருடம் கிடந்திருக்கிறான். விடுதலையான பின் ராணுவ ஆஸ்பத்திரியில் பத்து மாதம். டிப்போவுக்குப் போக வேண்டியவனுக்கு ஆஸ்பத்திரிக் குமாஸ்தா நேராக ஊருக்கு ரயில் பாஸ் எழுதிக் கொடுத்துவிட்டான். தாயைப் பார்க்கும் ஆசையில் இவனும் ரயிலேறிவிட்டான். அவன் ஊர் வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஐந்து மாதமாக எருமையோடு படுக்கை. ஜசுமதி களியை இலையில் போட்டு வீட்டு முற்றத்து ஓரத்தில் வைத்துவிட்டு விலகுவாள், இவன் வந்து எடுத்துத் தின்பான். சிறையில் எந்தச் சட்டியில் என்ன தின்றானோ என்று ஊர் பேசியது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? தசைன் என்கிற தசராப் பண்டிகை முடிந்ததும் அசாமுக்கு நிலக்கரி வெட்டப் போய்விடப் போகிறான், இனி திரும்ப மாட்டான் என்று ஜசுமதி நந்தகலியிடம் சொல்லி அழுதிருந்தாள். பண்டிகைக்கு முப்பத்தைந்து நாள்தான் இருந்தது.

ஹஸ்தபீர் முதலில் சட்டப்படி முயன்றார். பட்டாளத்துக்காரர் அல்லவா, மேலதிகாரி என்று ஒருவர் இருந்தால் அவரிடம் சொன்னால் நடக்கும் என்று நம்புகிற சாதி. ஒன்பது பதக்கமும் குத்திக்கொண்டு, இரண்டு நாள் நடந்து ஜில்லாக் கச்சேரிக்குப் போனார். வராந்தாவில் அரை நாள் உட்கார்த்தி வைத்தார்கள். பெரிய அதிகாரி நல்லவர்தான், பார்க்கலாம் என்று தலையாட்டினார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. சடங்குக்கான கெடு சித்திரையோடு முடிந்துவிட்டது என்றார் எழுத்தர். பதக்கங்களை ஒவ்வொன்றாக நிதானமாகப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் அந்த வெள்ளைக்கார ராஜா குடுத்தது சுபேதாரே. தண்ணி விஷயத்தை இந்த ராஜா பாத்துக்கறாரு" என்றார். கேலி செய்யவில்லை, உள்ளதைச் சொன்னார். அதுதான் ஹஸ்தபீருக்கு அதிகமாகச் சுட்டது. அவர் மூன்று கடிதம் எழுதிப் போட்டார், டிப்போவுக்கும் எழுதினார். பதில் எதுவும் மலையேறி வரவில்லை.

பண்டிகைக்கு நான்கு நாள் இருக்கும்போது ஊர்த்தலைவர் நரமன் வந்தார். நந்தகலியின் தம்பி. ஊரில் தீட்டு என்றால் மேலே எழுதிப்போட வேண்டிய பொறுப்பு அவருடையது. எழுதாமல் விட்டால் அவர் தலைக்கு அபராதம். கெட்ட மனுஷன் இல்லை, பயந்த மனுஷன். கேழ்வரகுச் சாராயம் இரண்டு கிண்ணம் உள்ளே போன பிறகு ஒரு வழி சொன்னார்.

"துல்பீர் பர்மாவுலேருந்து உங்ககூடவே வந்து மாசியில டிப்போவுல சடங்கு பண்ணினான், ஊருக்கு வர்ற வழியில சீட்டை ஆத்துல விட்டுட்டான்னு நீங்க ஒரு வார்த்தை சத்தியம் பண்ணுங்க அத்தான். உங்க வார்த்தையை எவன் கேள்வி கேக்கப் போறான்? நான் எழுதிக்கறேன்."

ஹஸ்தபீர் யோசிக்கவே இல்லை. வாழ்க்கையில் பொய்ச் சத்தியம் செய்ததில்லைதான். ஆனால் தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன? செய்கிறேன் என்று சொல்லிவிட்டார். அவர் மனம் அன்று பஞ்சு போல லேசாக இருந்தது. மறுநாள் காலையில் கொட்டிலுக்குப் போய், பத்தடி தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்து, விஷயத்தைச் சொன்னார். துல்பீர் மகிழ்வான் என்று எதிர்பார்த்தார். அவன் எருமையின் கழுத்தைச் சொறிந்துகொண்டே நின்றான்.

"வேண்டாம் சாப்."

"ஏன்டா?"

"நான் உங்ககூட வரலையே. அந்தக் கரையில இல்ல இருந்தேன்? எங்கூட ஏழு பேர் நின்னாங்க. அதுல நாலு பேரை என் கையால ஜெயிலுக்குள்ள பொதைச்சேன். நான் உங்ககூடவே வந்துட்டேன்னு எழுதிட்டா, அவங்க யாரோட நின்னதா அர்த்தம்?"

நான்கு வருடமாக ஹஸ்தபீருக்குள் கிடந்தது அப்போதுதான் வெளியே வந்தது. "உன்னை அங்க நிக்கச் சொன்னது நான்தான்டா" என்றார். குரல் உடைந்தது. அதை மறைக்க அவர் மெனக்கெடவில்லை.

"சொன்னீங்க, நின்னேன். அதுக்கென்ன இப்ப?" என்றான் துல்பீர். "நிக்கவே இல்லன்னு மட்டும் எழுதிடாதீங்க."

மூன்று நாள் கழித்து, தசைன் பத்தாம் நாள் காலையில் ஹஸ்தபீர் நந்தகலியிடம் தன் கோட்டை எடுக்கச் சொன்னார். எல்லாப் பதக்கமும் வேண்டும் என்றார். அவள் ஒவ்வொன்றாகக் குத்திவிட்டாள். தான் செய்யப் போவதை அப்போது அவளிடம் சொன்னார். திட்டுவாள் என்று நினைத்தார். அவள் கடைசி ஊக்கையும் மாட்டி முடித்தாள்.

"குடிச்சுட்டு நேரா வீட்டுக்கு வாங்க" என்றாள். "உங்களுக்குச் சோறு போட்டா எனக்கும் தீட்டுதான். ரெண்டு பேருமா கொட்டில்ல போய்க் கெடப்போம். எருமைக்கு என்ன நஷ்டம்?"

அன்று ஊரே அவர் வீட்டுக்கு வருகிற நாள். பெரியவர்கள் சின்னவர்கள் நெற்றியில் தயிரில் குழைத்த அரிசியை அப்பி ஆசி சொல்ல வேண்டும். அவர் கையால் அரிசி வாங்காமல் தாப்ரோங்கில் ஒரு வீட்டிலும் பண்டிகைச் சாப்பாடு தொடங்காது. வரிசை கட்டி நின்றவர்களைத் தாண்டி, முழு உடுப்பில், பாதையில் இறங்கி அவர் கொட்டிலை நோக்கி நடந்தார். என்னமோ ஏதோ என்று எல்லோரும் பின்னால் வந்தார்கள்.

துல்பீர் எழுந்து விறைத்தான். ஹஸ்தபீர் அவனுக்கு ஒரு முழம் முன்னால் போய் நின்றார்.

"நாயக் துல்பீர், தாகமா இருக்கு. தண்ணி குடு."

"சாப், வேண்டாம்..."

"உத்தரவுடா."

அவன் செம்பு தளும்பத் தளும்ப மொண்டு நீட்டினான். பாதி தண்ணீர் அவர் கோட்டிலேயே கொட்டியது. ஹஸ்தபீர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மிச்சத்தை ஒரு சொட்டு விடாமல் குடித்தார். எல்லோரும் பார்க்க, மெதுவாகவே குடித்தார். பிறகு திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு ஏறிவந்து, முற்றத்தில் பாயில் உட்கார்ந்து, அரிசித் தட்டை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"இப்ப இது தீட்டுக் கை" என்றார். "வேணுங்கறவங்க வாங்க. வேண்டாதவங்க மேல எனக்கு வருத்தம் இல்ல."

சொன்னாரே தவிர, உள்ளுக்குள் அவருக்கு உதறல்தான். பதுங்குகுழியை விட்டு ஏறும்போது முன்னால் சுடுகிறவன் அந்நியன். இங்கே முன்னால் நிற்பவர்கள் எல்லாம் சொந்தக்காரர்கள். ஒருவரும் வராவிட்டால் துல்பீரின் கதை முடிந்தது, தன் கதையும் முடிந்தது.

நந்தகலி முதலில் வந்து குனிந்தாள். அது கணக்கில் சேராது என்று அவருக்கே தெரியும், பெண்டாட்டி அல்லவா. அப்புறம் சற்று நேரம் யாரும் அசையவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஜசுமதி வந்தாள். அவள் இவரைவிட மூத்தவள், இவரிடம் ஆசி வாங்கும் முறை கிடையாது. தட்டிலிருந்து ஒரு பிடி அரிசியை அள்ளி இவர் நெற்றியில் அழுத்தி அப்பினாள். தளபதிக்குத் தலைகுனியாத சுபேதார் மேஜர், பதக்கமெல்லாம் கலகலக்க, குனிந்து அவள் காலைத் தொட்டார்.

அதன் பிறகு பட்டாளத்துப் பென்ஷன்காரர்கள் வந்தார்கள். ஊரில் பதினான்கு பேர். ஒருவரும் கூப்பிடவில்லை. பழக்க தோஷம், பதவி வரிசைப்படிதான் நின்றார்கள். அவர்களில் ஒருவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "எகிப்துல ஒட்டகத் தொட்டியில வாய வச்சுக் குடிச்சவன் நான், எனக்கென்ன தீட்டு புதுசா" என்றான். சிரிப்பு கிளம்பியது. கல்லாகக் கிடந்த முற்றம் அந்தச் சிரிப்பில் இளகிவிட்டது. பெண்கள் வந்தார்கள். குழந்தைகளை முன்னால் தள்ளிவிட்டார்கள்.

நரமன் மட்டும் வேலியோரம் ஓடி ஓடி அலைந்தார். தீட்டுப் புகார் மேலே போக வேண்டுமானால், தீட்டுப்படாத சாட்சிகள் இரண்டு பேர் கைநாட்டு வைக்க வேண்டும். யாரையாவது பார்த்து, நீ இரு, நீ சாட்சி என்று கையைப் பிடித்து நிறுத்துவார். அடுத்தவரைப் பிடிக்கத் திரும்புவதற்குள் முதலாள் வரிசையில் போய் நின்றிருப்பான். பிடித்த கொல்லனும் போய்விட்டான், நரமன் வீட்டு ஏர்க்காரனும் போய்விட்டான். கடைசியில் வேலியோரம் நின்றது அவரும் அவர் மனைவியும். அந்த அம்மாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நடக்கத் தொடங்கினாள்.

"ஏய், நீயுமா?" என்றார் நரமன்.

"அண்ணி சமைச்ச வாசனை மூக்கைத் துளைக்குது. நீங்க சாட்சியா நில்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டாள்.

நரமன் கொஞ்ச நேரம் தனியாக நின்றார். மேல் பாதையைப் பார்த்தார், கீழ்ப் பாதையைப் பார்த்தார். பிறகு யாரையும் பார்க்காமல் பாய்க்கு வந்து, சுபேதார் மேஜருக்கு முன் சம்மணம் போட்டார்.

"நான் ஒருத்தன் மட்டும் சாதியில இருந்துக்கிட்டு யார்கூட அத்தான் சோறு திங்கறது?" என்று நெற்றியை நீட்டினார்.

ஹஸ்தபீர் மற்றவர்களுக்கு வைத்ததைவிட இரண்டு மடங்கு அரிசியை அப்பிவிட்டார். புருவத்திலும் மூக்கிலும் தயிர் வழிந்தது. நரமன் துடைக்காமல் உட்கார்ந்திருந்தார். பிறகு அவரே எழுந்துபோய்க் கொட்டிலில் இருந்தவனைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். ஹஸ்தபீர் ஆசி சொல்ல மறந்து, துல்பீரின் நெற்றியில் அரிசியை அப்பிக்கொண்டே இருந்தார். நீடூழி வாழ் என்று நந்தகலிதான் பின்னாலிருந்து சொன்னாள். அந்த வருடம் தாப்ரோங்கிலிருந்து கச்சேரிக்குத் தீட்டுப் புகார் எதுவும் போகவில்லை. கைநாட்டு வைக்க ஆள் வேண்டுமே.

கூட்டம் கலைந்தபின் துல்பீர் தன் வீட்டுக்கு நடந்தான். ஹஸ்தபீர் கொஞ்சம் பின்னால் போனார். வாசற்படிக்கு வந்ததும் அவன் நின்றுவிட்டான். காலை எடுத்து வைக்க வரவில்லை. ஐந்து மாதமாகச் சோறு எடுத்துத் தின்ற முற்றத்து ஓரத்துக்கே போய்க் குந்தினான். அடுப்படியிலிருந்து ஜசுமதி எட்டிப் பார்த்தாள்.

"அங்க என்னடா ஒக்காந்திருக்க? உள்ள வாடா, சோறு ஆறுது."

அவன் நிமிர்ந்து பாதையில் நின்ற ஹஸ்தபீரைப் பார்த்தான். ஹஸ்தபீர், போ என்று தலையை அசைத்தார். அவன் குனிந்து உள்ளே போகும்வரை அங்கேயே நின்றிருந்தார்.